மூன்றாவது பந்து

போன் அலறியது!

எடுத்த பிசியோதெரபிஸ்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுமுனையில் தலைமை சர்ஜன். நேற்றுப் பகல்தான் அவருடைய மனைவியை வீட்டில் யாரோ கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள்.

"சார்... நீங்களா? இந்த நேரத்துல..."

"ஏழாம் பெட் லாரி டிரைவர் இருக்காரில்ல... அவருக்கு மூச்சுப் பயிற்சி எதுவும் வேணாம்மா. நான் வந்து பாத்துக்கறேன்."

டொக்!

பெண்டாட்டி பிணம் மார்ச்சுவரியில்... இந்த மனுஷனுக்கு ஏழாம் பெட் ஞாபகமா?

அவளுக்கு மனசு உறுத்தியது. மூச்சை இழுத்தால் மூன்று பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏறும் பயிற்சிக் கருவியை எடுத்துக்கொண்டு நேராக ஏழாம் பெட்டுக்கே போனாள்.

நேற்றுதான் டிரைவருக்கு வயிற்றைத் திறந்து பித்தப்பையை எடுத்திருந்தார்கள். விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளக் கட்டு.

"அண்ணே, இந்தக் குழாய்ல மெதுவா மூச்சை உள்ள இழுங்க. ஒரு பந்து ஏறினாலே போதும்."

இழுத்தார்.

ஒன்று... இரண்டு...

மூன்றாவது பந்தும் விர்ரென்று ஏறியது!

"வலிக்கலையா?"

"மேல தோல் லேசா எரியுதும்மா. டாக்டருக்குக் கைராசி!" கடகடவென்று சிரித்தார் டிரைவர்.

அவள் கட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மேல்வயிற்றை வெட்டினால் மறுநாள் நுரையீரல் பாதி மூச்சைத்தான் வாங்கும். இருமுவதற்கே ஆள் தலையணையைக் கட்டிப்பிடிப்பான். சிரிப்பதாவது!

ஆள்மாறாட்டமா?

இல்லை. ஆபரேஷனுக்கு முன் அவளே பயிற்சி கொடுத்த அதே ஆள்!

வராந்தாவில் இன்ஸ்பெக்டர் தியேட்டர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சார், கொலை எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டு. டாக்டரைச் சந்தேகப்பட வழியே இல்லம்மா. பதினொண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் ஆபரேஷன்ல இருந்திருக்காரே!"

"அந்த ஆபரேஷனே நடக்கலைன்னு தோணுது சார்..."

"என்னம்மா உளர்றே?"

"ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்க. யார் உளர்றான்னு தெரியும்."

அரை மணி நேரம்.

பித்தப்பை, கல்லோடு, இருந்த இடத்திலேயே இருந்தது!

நேற்று தியேட்டரில் சர்ஜனோடு இருந்த மயக்க மருந்து டாக்டரை இன்ஸ்பெக்டர் ஒரு முறை முறைத்தார். அவ்வளவுதான்... அவர் புட்டுப் புட்டு வைத்துவிட்டார்.

"அந்தம்மா விவாகரத்து கேட்டதுலேர்ந்தே வெறி பிடிச்சு அலைஞ்சாரு சார். நேத்து நர்சுங்களை வெளிய அனுப்பிட்டு, தோலை மட்டும் கீறித் தைச்சாரு. என்னைக் காவல் வெச்சுட்டு, பின்வாசல் வழியா வீட்டுக்குப் போனாரு... வாயைத் திறந்தா என்னையும் முடிச்சிடுவேன்னாரு..."

சாயங்காலமே சர்ஜன் கையில் விலங்கு!

விஷயம் தெரிந்ததும் டிரைவர் பதறி எழுந்து உட்கார்ந்தார். "ஐயா... அப்ப என் கல்லு?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"கல்லும் உள்ளதான்யா இருக்கு... டாக்டரும் உள்ளதான் இருக்காரு!"