கட் சொல்லாத ஷாட்

காலை பத்து மணிக்கு நானும் என் மனைவியும் டப்பிங் தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்தோம். தியேட்டர் என்பது மரியாதைக்குச் சொல்வது. யாரோ குடியிருந்த பழைய மாடிவீடு அது. ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்து, சுவரெல்லாம் பழைய மெத்தைகளைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வெயில், வண்டிச் சத்தம், காக்கை எல்லாம் ஒரே நொடியில் இல்லாமல் போய்விடும். நமுத்த பஞ்சின் வாடை மட்டும் மிச்சம் இருக்கும்.

நான் சவுண்ட் இன்ஜினியர். அவள் அலறுகிறவள். சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே அந்த அலறலால்தான். போஸ்டரில் பாதி ரத்தமும் பாதி தொடையுமாக வருகிற படங்களில் எந்த நடிகை கத்தினாலும் அது என் மனைவியின் குரல். பாம்புக்கு ஒன்று, பேய்க்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருப்பாள். உயிர் போகிற மாதிரி அலறி முடித்த கையோடு, "ஏங்க, கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்பாள்.

இயக்குநரை எல்லோரும் 'ஒரே டேக்' என்றுதான் கூப்பிடுவோம். எது நடந்தாலும் இரண்டாவது டேக் கிடையாது. வில்லனின் மீசை பாதி கழன்று தொங்கியதையும் ஓகே செய்தவர். இந்த முறை பேய்ப் படத்திலேயே நையாண்டி. செத்துப்போன ஒருத்தி தன் இறப்புச் சான்றிதழுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைகிறாள். 'சம்பந்தப்பட்டவர் உயிரோட நேர்ல வரணும்' என்று திருப்பி அனுப்புகிறார்கள். எனக்கே சிரிப்பு வந்தது.

அவள் எப்படிச் செத்தாள் என்று காட்டும் ஷாட் திரையில் வந்தது.

ஒரு மொட்டை மாடி. வெள்ளை உடையில் ஒருத்தி விளிம்பில் நிற்கிறாள். விழுகிறாள்.

"எட்டு வருஷம் முன்னாடி பாதியில நின்ன படத்துல எடுத்தது. எதுக்கு வீணாக்கணும்?" என்றார் ஒரே டேக். "ஒரு அலறல் போடு. கீழ விழுந்ததும் 'டொய்ங்'னு ஒரு சத்தம். ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

அந்த ஷாட் எடுத்த அன்று நானும் அங்கே இருந்தேன். என் மனைவிக்கு அது தெரியாது.

கதாநாயகிக்கு டூப் போட வந்த பெண் அவள். பிறகு டப்பிங்குக்கு உதவும் என்று அவள் உடைக்குள் சின்ன மைக் ஒன்றை நான்தான் மாட்டினேன். அதில் பேசுவது என் ஹெட்போனில் மட்டும் கேட்கும். ஒரே டேக் கீழே நின்று "ஆக்ஷன்!" என்றார். அப்போதுதான் அவள் கிசுகிசுத்தாள். "சவுண்ட் அண்ணே, இடுப்புக் கயிறு இன்னும் மாட்டல. டைரக்டர்கிட்ட சொல்லுங்கண்ணே."

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. கேமரா ஓட ஆரம்பித்துவிட்டால் இயக்குநரைத் தவிர யாரும் 'கட்' சொல்லக் கூடாது. சொன்னவனுக்கு அதோடு வேலை போய்விடும். நான் அப்போது புதியவன். வாயைத் திறந்தேன், மூடினேன். அதற்குள் அவள் பின்னால் நின்ற ஸ்டண்ட் உதவியாளன் அவளைத் தள்ளிவிட்டான், கயிறு இருக்கிறது என்று நம்பி.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். அவளே அவசரப்பட்டுக் குதித்துவிட்டாள் என்று எழுதிய தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். கோழை, வேறென்ன சொல்ல.

குரல் பதியும் அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மனைவி மைக் முன்னால் நின்றாள். விளக்கை அணைத்தோம். ஷாட்டை ஓட்டினேன். அவள் வாய் அகலத் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

என் ஹெட்போனில் அலறல் வரவில்லை.

"சவுண்ட் அண்ணே…"

வெறும் மூச்சாக, காதுக்கு ஒட்டினாற்போல்.

"கயிறு மாட்டலண்ணே."

திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரே டேக் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு தொடையைத் தட்டினார். "பிரமாதம்! என்னமா அலறுது பாரு!"

ஷாட் முடிந்ததும் தானாகத் திரும்ப ஓடியது. அவள் மறுபடி விளிம்பில் நின்றாள். மறுபடி விழுந்தாள். மூன்றாவது முறை. நான்காவது முறை.

என் மனைவியின் வாய் மூடவே இல்லை.

மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நீலம் பாரித்தது. ஒரு கையால் இடுப்பைத் தடவித் தடவி எதையோ தேடினாள்.

"சார், அவளுக்கு மூச்சு முட்டுது!"

"நிறுத்தாத. நல்லா வருது. நான் சொல்றப்ப நிறுத்து."

பழக்கதோஷம் என்பார்களே, அது எவ்வளவு கேவலமானது தெரியுமா? என் பெண்டாட்டி கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கிறாள். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். திரையில் அந்தப் பெண் இன்னொரு முறை விழுந்தாள்.

"சொல்லுங்கண்ணே."

"கட்!"

தொண்டை கிழியக் கத்தினேன். "கட்! கட்! கயிறு மாட்டல! அவ எங்கிட்ட சொன்னா, நான்தான் சொல்லல!"

எல்லாம் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் என் மனைவி சரிந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன். உடம்பு ஐஸாக இருந்தது, ஆனால் உயிர் இருந்தது. என் உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"கட் சொல்ல நீ யாருய்யா?" என்று எழுந்த ஒரே டேக் திரையைப் பார்த்தார்.

மாடி காலியாக இருந்தது.

ஷாட்டை முதலிலிருந்து ஓட்டினோம். மாடி, வானம், விளிம்பு. நிற்கவும் இல்லை, விழவும் இல்லை. ஒருத்தியும் அதில் இல்லை. ஒரே டேக் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடினார்.

வழியெல்லாம் என் மனைவி பேசவில்லை. தொண்டை கட்டியிருக்கும், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நான் அவள் கையை விடவேயில்லை. இரவு அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனாள். நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். தட்டு வைக்கும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம். பிறகு அவள் குரல், கொஞ்சமும் கம்மாமல், தெளிவாகக் கேட்டது.

"சோறு ஆறுது. சாப்பிட வாங்கண்ணே."