என்ட்ரி ஃபீஸ் ஐநூறு... முதல் பரிசு கொலை!

போன் அலறியது.

ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலு நாற்பது.

இன்ஸ்பெக்டர் ஃப்ளோரன்ஸ் அப்போதுதான் ஒரு தட்டு பர்மா அத்தோ நூடுல்ஸைக் கையில் எடுத்திருந்தாள். முணுமுணுத்துக்கொண்டே போனைக் காதில் வைத்தாள்.

"மேடம்... நான் அட்வகேட் நிலவன். திருவொற்றியூர் கல்யாண மண்டபத்துல மொபைல் கேம் போட்டி நடக்குதே... அதுக்கு நான்தான் லீகல் அட்வைஸர். இங்க போட்டி நடக்கல மேடம்... சூதாட்டம் நடக்குது! உடனே வா..."

ணங்!

இரும்பு எதிலோ மோதிய சத்தம். அது மண்டை என்று புரிந்துகொள்ள ஃப்ளோரன்ஸுக்கு இருபது வருட சர்வீஸ் தேவைப்படவில்லை. லைன் கட்!

திரும்ப அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை.

மறுபடி... எடுக்கவில்லை.

மூன்றாவது முறை... எடுத்தார்கள்!

"ஐயோ...! ரத்தம்! வக்கீல் சாரு... யாராச்சும் வாங்களேன்!"

ஒரு பெண்ணின் அலறல். அதன் பின்னாலேயே ஓர் ஆண் குரல்.

"இன்னாம்மே ஆச்சு? இன்னாத்துக்கு இப்டி கத்துற?"

ஃப்ளோரன்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நாற்பத்து மூன்று. அவள் போனில் எல்லா அழைப்புகளும் தானாகப் பதிவாகிவிடும்.

"நீலமேகம்! ஜீப்பை எடுங்க!" ஏட்டிடம் கத்தினாள்.

அத்தோ தட்டு அநாதையாய் மேஜையில் கிடந்தது.

மண்டப வாசலில் முப்பதடி பேனர். அதில் கறுப்புக் கண்ணாடியும் இரண்டு கட்டைவிரல்களும் காட்டிச் சிரித்தான் தாமோதரன்.

காசிமேட்டில் ஐஸ் கம்பெனி, சொந்தமாக இரண்டு மீன்பிடி லாஞ்ச். வயது நாற்பத்தைந்து. கேமிங் உலகில் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர், 'தாமோ பாஸ்'. வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதாகத் தகவல் இல்லை.

பேனரின் கீழே கொட்டை எழுத்தில், 'என்ட்ரி ஃபீஸ் ரூ.500! முதல் பரிசு ரூபாய் ஒரு லட்சம்! சட்டப்படி நடத்தப்படுகிறது!'

சட்டப்படி நடக்கிற கல்யாணத்தில்கூட இப்படிப் போடுவதில்லை.

ஜெனரேட்டர் அறையில் நிலவன் பிணமாகக் கிடந்தான். புளியந்தோப்பிலிருந்து படித்து மேலே வந்த வக்கீல். முப்பது வயது. பின்மண்டை உடைந்திருந்தது. பக்கத்தில் பேனர் கட்டுகிற இரும்புக் குழாய். யாரோ அவசரமாகத் துணியால் துடைத்திருந்தார்கள்.

சுவரோரமாக ஒரு பெண் நின்றாள். கையில் இன்னும் நிலவனின் போன்.

"உன் பேரு?"

"பவானி மேடம்... முகத்துவாரக்குப்பம். கன்டெய்னர் யார்டுல கேட் பாஸ் போடுற வேலை. பைனல்ஸ்ல ஆடப் போறேன்... இல்ல, ஆட இருந்தேன்."

"இங்க எப்படி வந்த?"

"பாத்ரூம் போய்ட்டு வந்துகினு இருந்தேன் மேடம். உள்ள போன் அடிச்சிகினே கீது. யாரும் எடுக்கல. எட்டிப் பாத்தா..." அழுதாள்.

"பொய் மேடம்! பச்சைப் பொய்!"

வாசலில் தாமோதரன். பேனரில் பார்த்த அதே கறுப்புக் கண்ணாடி. வீட்டுக்குள்ளும் கழற்ற மாட்டான் போல.

"காலைல இவ வக்கீலாண்ட போட்ட சண்டைய நானூறு பேர் பாத்தாங்க மேடம். கொன்னுடுவேன்னு கத்தினா!"

"கத்தினியா?"

"கத்தினேன்..." பவானி ஒப்புக்கொண்டாள். "போட்டி சரியில்ல, ஃபீஸத் திரும்ப வாங்கிகினு வூட்டுக்குப் போம்மான்னாரு. பைனல் வரிக்கும் வந்துட்டு எப்டி மேடம் போறது? கோவத்துல ஒரு வார்த்த வுட்டுட்டேன். அந்தாளு நல்லதுக்குத்தான் சொல்லிகீறாரு... இப்பதான் புரியுது."

"நாலு நாற்பதுக்கு நீ பாத்ரூம்ல இருந்ததுக்கு சாட்சி?"

"பாத்ரூமுக்கு யாரு மேடம் சாட்சியோட போவாங்க?"

நியாயமான கேள்வி. ஆனால் கோர்ட்டில் செல்லாது. கையில் செத்தவனின் போன், காலையில் கொலை மிரட்டல், சாட்சி இல்லை. இப்படியே விட்டால் பவானிக்கு ஆயுள் தண்டனை நிச்சயம்.

"சாருக்கு?" ஃப்ளோரன்ஸ் தாமோதரன் பக்கம் திரும்பினாள். "நாலு நாற்பதுக்கு எங்க இருந்தீங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போலச் சிரித்தான்.

"லைவ்ல மேடம்! மூவாயிரம் பேரு பாத்துகினு இருந்தாங்க. மாடி ரூம்ல ஒக்காந்து நான்தான கமெண்ட்ரி! அந்தப் பொண்ணு கத்தின சத்தம் கேட்டப்புறம்தான் மைக்கப் போட்டுட்டு ஓடியாந்தேன்."

போனை நீட்டினான். வீடியோ ஓடியது. மூலையில் ஒளிபரப்பு நேரம். 4.40. தாமோதரன் மைக்கை விழுங்கிவிடுவது போலக் கத்திக்கொண்டிருந்தான். "அடி மாமு... அடி! தூக்கு அவன!"

நீலமேகம் ஃப்ளோரன்ஸின் காதில் கிசுகிசுத்தார்.

"ஆள் சுத்தமா இருக்கான் மேடம். பொண்ணை ஜீப்புல ஏத்திடலாமா?"



"இருங்க." ஃப்ளோரன்ஸ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கொலையை அப்புறம் பாப்போம். முதல்ல சூதாட்டம்."

"சூதாட்டமா?" தாமோதரன் பதறினான். "ஐயோ மேடம், இது ஈ-ஸ்போர்ட்ஸ்! ஃபீஸ் வாங்கலாம், பரிசு குடுக்கலாம்... சட்டமே சொல்லுது! ஃபைல் கீது மேடம்!"

ஃபைல் வந்தது. நிலவன் எழுதியது. பாவம், அழகான வேலை. ஒவ்வொரு விதிக்கும் எண் போட்டிருந்தான்.

"ஃபீஸ் எதுக்கு வாங்கலாம்னு சட்டம் சொல்லுது?"

"அது... வந்து..."

"போட்டியில சேர்றதுக்கும், நடத்துற செலவுக்கும். பரிசை ஸ்பான்சர் தரணும்னு வக்கீல் எழுதியிருக்காரு. நீங்க எங்கேர்ந்து தர்றீங்க?"

"ஃபீஸ்லேர்ந்துதான்! எங்க லாஞ்சுல இன்னா பண்ணுவோம் மேடம்? டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்த பங்கு போடுவோம். அதே கணக்குதான். மண்டப வாடகை, கரண்டு போக... ஜெயிச்சவனுக்கு ஒரு பங்கு, ஓனருக்கு ஒரு பங்கு!"

பெருமையாகச் சொன்னான். தன் கழுத்துக்குத் தானே மாலை போட்டுக்கொள்கிறவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

"லாஞ்சுல பங்கு போடறது கடல் குடுத்த மீனை. இங்க பங்கு போடறது நானூறு பேர் பணத்தை. வாசல் டீக்கடையில க்யூஆர் கோடு ஒட்டியிருக்கே... யாரு ஜெயிப்பான்னு வேடிக்கை பாக்குறவன்லாம் பணம் கட்டுறான். அது?"

"அது... எவனோ ஒட்டிகிறான் மேடம்."

"வரும்போதே ஸ்கேன் பண்ணினேன். தாமோதரன் ஐஸ் கம்பெனின்னு வருது."

தாமோதரன் முதல் முறையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண்கள் சின்னதாக இருந்தன. புத்தியும் அப்படியே இருக்கலாம்.

"ஆடுறவன் பந்தயம் கட்டினாலும் தப்பு, பாக்குறவன் கட்டினாலும் தப்பு. இதைத்தான் நிலவன் கண்டுபிடிச்சான். சரி, அதை விடுங்க. உங்க போட்டியே திறமைப் போட்டி இல்ல. அவ்வளவு பெரிய ஸ்க்ரீனை மண்டபத்துல வச்சிருக்கீங்க. எதிராளி எங்க ஒளிஞ்சிருக்கான்னு ஆடுறவன் நிமிர்ந்து பாத்தாலே தெரிஞ்சிடும். இது போங்காட்டம்! மொத்தமா சேத்து மூணு வருஷம் உள்ள போறீங்க."

"மேடம்! அபாண்டமா பேசாதீங்க!" தாமோதரன் துள்ளிக் குதித்தான். "ஏழாவது விதியப் படிங்க! போங்காட்டம் ஆடவே முடியாது! லைவ்வு பத்து நிமிஷம் லேட்டாத்தான் போவும்! மண்டபத்து ஸ்க்ரீன்லயும் அதே பத்து நிமிஷ லேட்டுதான்! எவனும் எவனையும் பாக்க முடியாது! என் போட்டி அவ்ளோ சுத்தம்!"

"பத்து நிமிஷம்... நிச்சயமா?"

"செகண்டு பிசகாது! மிசினு செட் பண்ணி வச்சிகிறேன்!"



நீலமேகத்துக்குப் புரிந்துவிட்டது. பவானிக்கும் புரிந்துவிட்டது. கேம் ஆடுகிற பெண் அல்லவா!

தாமோதரனுக்குப் புரிய மட்டும் இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அப்போ நாலு நாற்பதுக்கு இந்த வீடியோவுல கத்தினது..." ஃப்ளோரன்ஸ் மெதுவாகச் சொன்னாள், "...நாலு முப்பதுல இருந்த தாமோதரன். நிஜ தாமோதரன் நாலு நாற்பதுக்கு எங்க இருந்தான்?"

"மே... மேடம்..."

"வீடியோவை ஓட விடுங்க நீலமேகம்."

4.43. திரையில் தாமோதரன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். "சுடு மாமு... சுடு!"

ஃப்ளோரன்ஸ் தன் போனை எடுத்துப் பதிவை ஒலிக்கவிட்டாள். முதலில் பவானியின் அலறல். பிறகு...

"இன்னாம்மே ஆச்சு? இன்னாத்துக்கு இப்டி கத்துற?"

"இது உங்க குரல். இதுவும் நாலு நாற்பத்து மூணு. ஒரே நேரத்துல மாடியில மைக்கு முன்னாடி ஒரு தாமோதரன்... பொணத்துக்கு முன்னாடி ஒரு தாமோதரன். உங்கம்மா ரெட்டைப் புள்ள பெத்தாங்களா?"

தாமோதரன் கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

வீடியோ ஓடியது. 4.46. நாற்காலி காலியாக, 'தாமோதரன் ஐஸ் கம்பெனி' விளம்பரம் வந்தது.

"பத்தைக் கழிச்சா நாலு முப்பத்தாறு. அப்பவே எழுந்து கீழ வந்துட்டீங்க. நிலவன் எனக்கு போன் பண்றதைக் கேட்டீங்க. கையில கெடைச்ச குழாயால அடிச்சீங்க. ஓடறதுக்குள்ள போன் திரும்பத் திரும்ப அடிச்சுது, பவானி வந்துட்டா. பக்கத்துல ஒளிஞ்சு நின்னு, அலறல் கேட்டு ஓடி வந்தவன் மாதிரி நடிச்சீங்க."

"அந்தாளு சொன்னா கேக்கல மேடம்!" தாமோதரன் வெடித்தான். "போலீசுக்குச் சொல்லாத, ஒனக்கும் ஒரு பங்கு தரேன்னேன்! வாணாம்னுட்டான்! எவனாச்சும் பங்க வாணான்னு சொல்லுவானா?"

அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. அதுதான் ஃப்ளோரன்ஸுக்கு ஆத்திரமாக இருந்தது. பங்கு வேண்டாம் என்ற ஒரே மனிதன் தரையில் கிடந்தான்.

"ஆச்சரியமா இருக்கு மேடம்," நீலமேகம் விலங்கை மாட்டினார். "நூறு விதியை மீறினவன், ஒரு விதியை மட்டும் ஒழுங்கா கடைப்பிடிச்சிருக்கான். அதுலயே மாட்டிக்கிட்டான்!"

பவானி நிலவனின் போனை இரண்டு கைகளாலும் ஃப்ளோரன்ஸிடம் கொடுத்தாள்.

"நான் வூட்டுக்குப் போலாமா மேடம்?"

"போ. நாளைக்கு ஸ்டேஷன்ல வந்து வாக்குமூலம் குடு. உன் ஐநூறு ரூபா திரும்பக் கிடைக்க ஒரு மனுவும் எழுதிக் குடு."

அவள் போகும்போது நிலவன் கிடந்த பக்கம் பார்த்துக் கைகூப்பினாள். வாய்விட்டே அழுதாள்.

ஜீப்பில் ஏறும்போது தாமோதரன் தயங்கினான். பேனரில் அவன் இன்னும் இரண்டு கட்டைவிரல்களைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மேடம்... நான் எப்போ வெளிய வருவேன்?"

ஃப்ளோரன்ஸ் கதவைச் சாத்தினாள்.

"வருவீங்க தாமோ பாஸ்... உங்க லைவ் மாதிரியே லேட்டா வருவீங்க. ஆனா மெஷினை செட் பண்ணப் போறது ஜட்ஜ்!"