பீட் வயலில் நின்றவள்

சாலையோரம் நின்றால்தான் சைக்கிள் பந்தயத்தில் பறக்கிறவன் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க முடியும். அந்தப் பெண் பீட்கிழங்கு வயலின் நடுவில் நின்றுகொண்டு பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

பாவோ அவளை முதல் சுற்றிலேயே பார்த்துவிட்டான். கால்வாய்க் கரையை விட்டு வலப்பக்கம் திரும்பி, பாப்லர் மரங்கள் வரிசை கட்டிய ஒடுங்கிய கான்கிரீட் சாலைக்குள் அத்தனை சைக்கிள்களும் ஒரே உடம்பாக நெளிந்து நுழைந்தபோது, செயின்களின் சீறலுக்கும் முன்னால் போகிறவர்களின் சக்கரங்கள் வாரியடித்த சேற்றுத் தண்ணீருக்கும் இடையில், வயலில் படுத்துக் கிடந்த மூடுபனிக்குள், ஒரு வெளிறிய மேல்கோட்டும் அதிலிருந்து நீண்ட ஒரு கையும் தெரிந்தன. தங்கை குட்ரூனாக இருக்கும் என்று நினைத்தான். உடனே, குட்ரூன் சர்ச் முன்னால் பந்தய முடிவுக் கோட்டருகே நிற்கிறாள் என்பதும், இப்போதுதான் அவளைத் தாண்டி வந்தோம் என்பதும் நினைவுக்கு வந்தது. அதற்குள் வளைவு வந்தது. பிரேக்கைப் பிடித்தான். மறந்துபோனான்.

ஸ்வார்டன்ஹூக் ஊர்த் திருவிழாப் பந்தயம்தான் அந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயம். அதற்குப் பிறகு குளிர் வந்துவிடும், சைக்கிள்கள் கொட்டகைக்குப் போய்விடும். பாவோ வார நாட்களில் பிறர் வீடுகளில் மண்டியிட்டுத் தரை ஓடு பதிப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி ஊர் ஊராகச் சுற்றுகிறவன். குட்ரூனின் கணவன் லீவன் கூரை வேலைக்காரன். இருபது வருடமாக ஓட்டுகிறான். இரண்டாமிடம் அவனுக்குப் பழகிப்போன இடம். முதலிடத்தை மட்டும் அவன் பார்த்ததே இல்லை. முழங்கால் தேய்ந்துவிட்டது, இந்த வருடத்தோடு நிறுத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பந்தயத்துக்கு முன்னால், காபிக்கடையின் பின்னறையில், சூட்டுத் தைல நெடி மூக்கைத் துளைக்க, குட்ரூன் தரையில் உட்கார்ந்து கணவனின் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கும் ரெண்டாவதா வந்தேன்னா வீட்டுக்குள்ள விடமாட்டேன். வாசல்லயே படுத்துக்க."

"ஒரு போர்வையாவது போடுவியா?" என்றான் லீவன்.

"மூணாவது வர்ற ஆளு வந்து போடுவான்."

அறையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டே பாவோவிடம் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, அவரைக் கொஞ்சம் பாத்துக்க. ராத்திரியெல்லாம் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. எங்கிட்ட சொல்லமாட்டாரு."

மழை விட்டுவிட்டுத் தூறியது. சில சுற்றுகளுக்குப் பிறகு கால்வாய்ப் பாலத்து ஏற்றத்தில் லீவன் பெடலில் எழுந்து நின்று பிய்த்துக்கொண்டு கிளம்பினான். பாவோ யோசிக்காமல் அவன் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டான். திரும்பிப் பார்த்தபோது கூட்டத்தை மூடுபனி விழுங்கியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டே பேர். இரண்டு செயின்கள், இரண்டு மூச்சுகள், ஈரக் கான்கிரீட்டில் டயர்கள் உரசும் ஓயாத சத்தம். ஒருவன் முன்னால் போய் எதிர்க்காற்றைத் தன் மேல் வாங்குவது, களைத்ததும் விலகி மற்றவனை முன்னால் விடுவது. வேறு பேச்சில்லை. விரல்கள் விறைத்துவிட்டன. தொடைகள் எரிந்தன.

வயல் வந்தது. அவள் இப்போது சாலையை நோக்கிப் பாதித் தூரம் வந்திருந்தாள். அதே மேல்கோட்டு, தலைக்கு மேல் இழுத்துவிட்ட முக்காடு, அதே உயரத்தில் நீண்ட கை. நடப்பதுபோலத் தெரியவில்லை.

"வயல்ல ஒருத்தி நிக்கிறா, பாத்தியா?" என்றான் பாவோ.

"பாத்தேன். உனக்குத்தான் கை நீட்டுறா மச்சான். தனிக்கட்டை தானே, போய்க் கட்டிக்க." லீவன் மூச்சிரைத்துக்கொண்டே சிரித்தான். ஒவ்வொரு முறை வலது கால் மேலே வரும்போதும் அவன் தோள் ஒரு பக்கமாகச் சுண்டி இழுத்தது.

அடுத்த சுற்றில் அவள் சாலையை ஒட்டிய வாய்க்கால் ஓரத்துக்கு வந்திருந்தாள்.

பாவோ அவள் வந்த வழியைத்தான் பார்த்தான். வயல் முழுக்க முழங்கால் உயரத்துக்குப் பீட் இலைகள், மேலே மழைத்துளிகள் கோத்துக்கொண்டு, ஒன்றுகூடக் கலையாமல், ஒரு தடம்கூட இல்லாமல் நின்றன. அவளுக்கு நேராக வந்தபோது செயின் சத்தம் நின்றுபோனது. வயலில் தெளித்திருந்த சாணிக் குழம்பின் நாற்றம் நின்றது. குளிர் நின்றது. தொடையில் எரிந்த எரிச்சலை யாரோ விளக்கை அணைப்பதுபோல அணைத்தார்கள். கால்கள் தன்னால் சுற்றின, யாருடையவோ கால்கள் மாதிரி. பத்தடி போனதும் எல்லாம் திரும்ப வந்து விழுந்தது, முன்னைவிட மோசமாக. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

லீவன் அவனைத் திரும்பிப் பார்த்தான். கண்கள் பளபளத்தன.

"அந்த இடத்துல வலி நின்னுச்சுல்ல?"

பாவோ மணிக்கட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கு நின்னுச்சு மச்சான். எத்தனையோ வருசம் கழிச்சு."

சர்ச் முன்னால் மக்கள் கத்தினார்கள். பொரித்த உருளைக்கிழங்கு வாசனையும் பீர் வாசனையும் முகத்தில் அடித்துப் போயின. குட்ரூன் தொண்டை கிழிய லீவனின் பெயரைக் கூவினாள். பாவோ நிறுத்திவிடலாம் என்று நினைத்தான். பிரேக்கைப் பிடித்து, காலைக் கீழே ஊன்றி, வயலில் ஒரு பெண் நிற்கிறாள் என்று தங்கையிடம் சொல்லலாம். என்னவென்று சொல்வது? சைக்கிள்கள் கோட்டைத் தாண்டிவிட்டன. மீண்டும் பாலம். கால்வாய். பாப்லர் மரங்கள்.

அவள் சாலையில் நின்றாள்.

நீட்டிய கை மட்டும் நன்றாகத் தெரிந்தது. உறை போடாத கை. வெகுநேரம் தண்ணீரில் ஊறிய கைபோல வெளுத்து, விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. பாட்டிலில் எந்த சைக்கிள் கிளப்பின் பெயரும் இல்லை. முக்காட்டுக்குள் பார்க்க பாவோவுக்குத் துணிவில்லை.

"வாங்காத," என்றான்.

"என் பாட்டில் காலி."

"என்னோடதக் குடி. லீவன், வாங்காத! சொல்றதைக் கேளு!"

"ஒரே ஒரு தடவை ஜெயிச்சுக்கறேன் மச்சான்." லீவனின் குரல் கெஞ்சியது. "ஒரு தடவை."

அவன் சைக்கிளை ஓரமாகச் சாய்த்தான். கை நீண்டது. வாங்கினான். தலையை அண்ணாந்து குடித்தான். தொண்டை ஏறி இறங்கியது. பாவோ கண்ணைத் தரையில் பதித்து அவளைத் தாண்டினான். ஈரக் கம்பளி உரசுவதுபோலக் காதோரம் ஏதோ போயிற்று.

"போயிடுச்சு," என்றான் லீவன். மெதுவாக, வியப்போடு. "வலி போயிடுச்சு. இந்தா, குடி."

பாவோவின் வலது கை தானாக நீண்டது. அவ்வளவு களைப்பு. பாட்டிலைச் சுற்றி விரல்கள் மூடியதைக் கண்ணால் பார்த்தான். விரலில் எதுவும் தெரியவில்லை. ஈரம் இல்லை. கனம் இல்லை. குளிரும் இல்லை. அங்கே கையே இல்லாததுபோல இருந்தது. பதறி உதறினான். பாட்டில் கான்கிரீட்டில் விழுந்து, துள்ளி, உருண்டு ஓடியது.

சத்தமே இல்லை.

லீவன் முன்னால் போகத் தொடங்கினான். எழுந்து நிற்கவில்லை, தோளைக்கூட அசைக்கவில்லை. கால்கள் மட்டும் சீராக, தையல் மெஷின்போலச் சுற்றின. பாவோ முடிந்தவரை துரத்தினான். அப்போதுதான் கவனித்தான். தன் வாயிலிருந்து மூச்சு வெள்ளைப் புகையாகக் கொட்டுகிறது. லீவனின் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

மூடுபனி அவனை மூடிக்கொண்டது.

அடுத்த, கடைசிச் சுற்றில் பாவோ தனியாக வந்தான். சாலையில் யாரும் இல்லை. வயலில் யாரும் இல்லை. ஓரத்துப் புல் மிதிபடாமல் நின்றது. அது அவனுக்கு ஆறுதலாக இல்லை.

அவன் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது குட்ரூன் பூங்கொத்தோடு நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"ஜெயிச்சுட்டாரு அண்ணே. ஆனா நிக்கல. கையைக்கூடத் தூக்கல. என்னைப் பாக்கவே இல்ல."

"வெற்றி தலைக்கேறிடுச்சு," என்றார் கடைசிச் சுற்றுக்கு மணியடிக்கும் கிழவர் ஓடீல். "இன்னொரு சுத்து சுத்திட்டு வருவான், விடு."

லீவன் வந்தான். அதே வேகம். மக்கள் கைதட்டினார்கள். அவன் அவர்களைத் தாண்டிப் போனான். பாலத்தின் பக்கம் மறைந்தான். கைதட்டல் அங்கங்கே நின்றது. யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.

மறுபடி வந்தான். குட்ரூன் சாலையில் இறங்கிப் பெயர் சொல்லிக் கத்தினாள். அவன் அவளைச் சுற்றிக்கொண்டு போனான், ஒரு கம்பத்தைச் சுற்றிப் போவதுபோல.

மூன்றாவது முறை பாவோ குறுக்கே நின்றான். ஓடீலும் ஊர்க் கசாப்புக்கடைக்காரரும் கூட நின்றார்கள். மூவருமாகப் பாய்ந்து பிடித்தார்கள். சைக்கிள் கவிழ்ந்தது. பெடலோடு பூட்டியிருந்த காலணிகள் விடுபட்டன. தூக்கினார்கள்.

கால்கள் நிற்கவில்லை.

காற்றில் சுற்றின. காபிக்கடைக்குள் தூக்கிப்போய் நீள மேஜையில் மல்லாக்கக் கிடத்தினார்கள். சுற்றின. போர்வையைப் போர்த்தினார்கள். போர்வை ஏறியது, இறங்கியது. கசாப்புக்காரர் அவன் மார்பில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"ஆம்புலன்ஸ் வருதா?" என்றாள் குட்ரூன். "அண்ணே, ஆம்புலன்ஸ் வருதா?" பாவோவின் வலது கையை இறுகப் பிடித்திருந்தாள். அவள் நகங்கள் தோலைக் கிழித்து ரத்தம் கசிவதை அவன் பார்த்தான். பார்த்ததால்தான் தெரிந்தது.

"அந்த முட்டி தாங்காது," என்றார் ஓடீல். "பிடிங்க. அழுத்திப் பிடிங்க."

வலது காலில் இரண்டு பேர் தங்கள் எடையைப் போட்டார்கள். கால் கீழே நின்றது. நடுங்கியது. மேலே வரப் பார்த்தது. இன்னும் அழுத்தினார்கள்.

எலும்பு முறிந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

குட்ரூன் அலறினாள். பிடித்திருந்தவர்கள் பின்வாங்கினார்கள். லீவனின் முகம் அசையவில்லை. உதடுகள் அமைதியாக இருந்தன. கண்களிலிருந்து மட்டும் கண்ணீர் காதுகளை நோக்கி ஓடிக்கொண்டே இருந்தது.

பாவோ குனிந்தான். "லீவன். போதும்டா. நீ ஜெயிச்சுட்ட. உனக்கு முன்னால யாரும் இல்ல."

லீவனின் வாய் திறந்தது. அதிலிருந்து சூடு வரவில்லை.

"இருக்கா மச்சான்," என்றான். "அவ முன்னால போறா."

கால்கள் வேகமெடுத்தன. தொடை ஏறியது, இறங்கியது. முழங்காலுக்குக் கீழே பக்கவாட்டில் தொங்கிய பாதி, அதன் பின்னால் இழுபட்டு வட்டமடித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் மேஜை விளிம்பில் மோதியது.

டொக்.

டொக்.

டொக்.