நூறு அடிக்கு ஒரு ஓம்

பதினைந்தாவது முறை கூப்பிட்டபோது கவிசாவின் பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது.

"கவி..." என்று யாமினி வாயைத் திறந்ததுதான், பெயர் முடியுமுன்பே பின்னாலிருந்து "ஓம் அக்கா" என்றது குரல். யாமினி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நூறு அடிக்கு ஒருமுறை கூப்பிடுவது, பின்னால் வருகிறவள் பதில் சொல்வது என்பது அவளே போட்ட சட்டம். அந்த நூறை இவளும் எண்ணிக்கொண்டு வருகிறாள் போலிருக்கிறது. எண்ணவாவது தெரிகிறதே என்று நினைத்தபடி அடுத்த காலை முழங்கால் ஆழப் பனிக்குள் இறக்கினாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. பதினான்கு கிலோ மஞ்சள் முதுகுப்பையோடு திரும்புவது என்றால் நின்று, இரண்டு கால்களையும் பிடுங்கி, கைக்குச்சிகளை மாற்றி ஊன்ற வேண்டும். கவிசாவுக்காக அவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஜெர்மனியில், பிளாக் ஃபாரெஸ்ட் மலைக்காட்டின் குறுக்கே பதின்மூன்று நாள் நடை. ஏழு நாள் நன்றாகத்தான் போயிற்று. எட்டாம் நாள், ஏப்ரல் மாதக் கடைசியில், யாரும் கேட்காத பனி ஒரே இரவில் கொட்டித் தீர்த்திருந்தது. விடுதிக்காரி மாவு ஒட்டிய விரலால் வரைபடத்தில் ஃபெல்ட்பெர்க் உச்சியைத் தட்டித் தலையை ஆட்டினாள். முகட்டில் பனி பாறையைத் தாண்டி அந்தரத்தில் கூரை போல நீட்டிக்கொண்டு நிற்குமாம். பார்வைக்குத் தரை மாதிரியே இருக்குமாம். கால் வைத்தால் கீழே ஏரிவரை ஒன்றும் இல்லையாம். யாமினி பணிவாகக் கேட்டுக்கொண்டு மனதுக்குள் சிரித்தாள். ஊட்டியைவிடக் குள்ளமான ஒரு மேடு. அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம். ஆனாலும் வழியை மாற்றினாள். உச்சியை விட்டுவிட்டு, கீழே காட்டுச் சாலையில் மலையைச் சுற்றிக்கொண்டு பத்தொன்பது கிலோமீட்டர்.

"பஸ்ஸில சுத்திப் போவமே அக்கா," என்றிருந்தாள் கவிசா. "ஆர் வந்து கேக்கப் போகினம்?"

"நான் கேப்பேன். நடந்த வழிய ஃபோன் போட்டுட்டு வர்ற கோடு நடுவுல அறுந்துட்டா அப்புறம் அதுக்குப் பேரு நடையா? அதுக்கு உங்க ஹம் ஆளுங்க கோயிலுக்குப் போற மாதிரி வேன் புடிச்சே வந்திருக்கலாம்."

"ஓம், சரி."

எதற்கும் ஓம். ஆஹென் நகரில் யாமினியின் பக்கத்து அறைக்காரி கவிசா. ஹம் நகரத்து ஈழக் குடும்பமொன்றில் பிறந்து வளர்ந்து, தாதிப் படிப்புக்காக வந்தவள். அக்கா என்று கூப்பிட்டுவிட்ட ஒருத்தியிடம் ஏலாது என்று சொல்லக்கூடாதென வளர்க்கப்பட்டவள். யாமினிக்கு அந்த வளர்ப்பின்மேல் இளக்காரமும் இருந்தது, அது வசதியாகவும் இருந்தது.

பாதை பிரியும் இடத்தில் நீல ஜாக்கெட் கவிசா சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தாள். கைகாட்டிப் பலகையின் எழுத்தெல்லாம் பனி அப்பிக் கிடந்தது.

"இடது பக்கம், கீழ் ரோடு," என்றாள் யாமினி. "என் தடத்துலயே கால வெச்சு வா. நீயா எதையும் யோசிக்காத, உனக்கு அது வராது."

"ஓம் அக்கா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அது ஒன்றரை மணிக்கு. இப்போது இரண்டரை. மூடுபனி தேவதாரு மரங்களின் இடுப்புவரை இறங்கிவிட்டது; கிளைகளிலிருந்து அவ்வப்போது பனிக்கட்டி சரிந்து, யாரோ ஈரத்துணியைத் தரையில் போட்டதுபோல் ஒலித்து அடங்கியது; மற்றபடி அவளுடைய மூச்சும், பனி நொறுங்கும் அவளுடைய அடியும், அதற்குச் சரியாக ஓர் அடி பின்னால் நொறுங்கும் இன்னோர் அடியும்தான் கேட்டன. காலையிலிருந்து கவிசா இழுத்து இழுத்து வாங்கிக்கொண்டிருந்த மூச்சு கேட்கவில்லை. அவள் முழங்காலில் அரக்கித் தேய்த்திருந்த தைலத்தின் நெடி, விடுதியிலிருந்து யாமினியை எரிச்சலூட்டிக்கொண்டே வந்த நெடி, அதுவும் இல்லை. குளிருக்கு மட்டும் ஒரு வாசனை இருந்தது. வெகுநாள் மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தது போல.

"கால் பரவாயில்லையா?"

"ஓம் அக்கா."

"பசிக்குதா?"

"ஓம் அக்கா."

ஒரே ஓம். ஒரே உயரம். ஒரே இடைவெளி.

யாமினி நின்றாள். பின்னால் இருந்த அடியும் நின்றது. இரண்டு அடி வேகமாக வைத்தாள். பின்னாலும் இரண்டு அடி.

இடுப்புப் பையில் ஃபோன் அதிர்ந்தது. எங்கிருந்தோ ஒரு கோடு சிக்னல். குரல் செய்தி, கவிசாவிடமிருந்து. அனுப்பி நாற்பது நிமிடம்.

பின்னால் இருப்பவளே எதற்காக அனுப்ப வேண்டும்?

காதில் வைத்தாள்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. இடப் பக்கம் எண்டெல்லோ சொன்னனீங்கள்? தடம் மேல ஏறிப் போகுது. நீங்கள் கூப்பிடுற ஒவ்வொரு தரமும் ஓம் எண்டுதான் சொல்லுறன், கேக்குதோ தெரியேல்லை. உங்கட மஞ்சள் பை முன்னால தெரியுது. கொஞ்சம் நில்லுங்கோவன். முழங்கால்... இல்லை, பரவாயில்லை. வாறன்."

அவள் குரலுக்கு அப்பால், காற்றுக்கு நடுவே, இன்னொரு குரல்.

"வர்றியா, இல்ல ஆள் வெச்சுத் தூக்கிட்டு வரணுமா?"

யாமினியின் குரல். அவள் இன்று அப்படிச் சொல்லவில்லை. நினைத்திருந்தாள்.

திருப்பி அழைத்தாள். மணி அடிக்கவில்லை. மறுபடி. கோடு போய்விட்டது. கையுறையைப் பல்லால் கழற்றி மறுபடி அழுத்தினாள். ஒன்றுமில்லை.

பின்னால் அசைவில்லை.

கழுத்துக்குப் பின்னால் அந்தத் தொட்டி வாசனை.

அப்போது காற்று மாறியது. வலப்புறம், மரங்களுக்கு மேலே, மூடுபனி கிழிந்தது. முகடு. வெள்ளைக்கு மேல் வெள்ளை. அதன்மேல் இரண்டு புள்ளிகள், எறும்புபோல. முன்னால் மஞ்சள். பின்னால் நீலம், நொண்டிக்கொண்டு, மஞ்சள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து.

"கவிசா!"

"ஓம் அக்கா."

காதருகில். மூச்சே இல்லாமல்.

"கவிசா, நில்லு! போகாத! அது நான் இல்ல!"

"ஓம் அக்கா."

எவ்வளவு உரக்கக் கத்தினாலும் யாமினியின் கத்தல் முகடுவரை போகாமல் அங்கேயே நின்றுவிட்டது. தோளுக்குப் பின்னால் யாரோ கையால் பிடித்து வைத்துக்கொண்டதுபோல. அந்த ஓமில் இப்போது மரியாதை இல்லை. இளக்காரம்.

மேலே, பாறை முடிந்த இடத்தை மஞ்சள் தாண்டியது. அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்த பனி உடையவில்லை. அதுவும் முடிந்தது. மஞ்சள் விழவில்லை. வெறும் காற்றில் இன்னும் நான்கைந்து அடி நடந்து, நின்று, திரும்பியது. பின்னால் வருகிறவளைப் பார்த்தது. அன்பாக, மிக அன்பாக, கையை நீட்டியது.

நீலம் ஒரு கணம் தயங்கி, காலைத் தூக்கியது.