மறைவு தேதி செல்லாது

ஒரே கைபேசி எண்ணிலிருந்து பதினோரு முறை. பதினோரு முறையும் தேதி தவறு.

மோகனப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவளை எழுப்பி, "மயானத்து ஃபாரம் தேதியையே எடுக்க மாட்டேங்குதாம்மா, போய் என்னன்னு பாத்துரு" என்று முதலாளி குருமூர்த்தி ஃபேர்லேண்ட்ஸ் பகுதியிலிருந்த அலுவலகத்துக்குத் துரத்தியிருந்தார். ஓர் அறக்கட்டளையின் மின் மயானத்துக்கு இணையத்தில் முன்பதிவுப் படிவம் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். இறந்தவர் பெயர், மறைவு தேதி, நேரம், தகனத்துக்கு வேண்டிய நாள். இவற்றை ஒழுங்காக நிரப்பத் தெரியாத ஜென்மங்களுக்காக அவளுடைய ஒரே விடுமுறையும் போயிற்று.

கீழ்த்தளத்துக் கடைகள் சாத்திக் கிடந்தன. மாடிப்படியில் ஆள் நடமாட்டமே இல்லை. சேர்வராயன் மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்ததில் நாலரை மணிக்கே அறை மங்கிப்போய், பழைய ஏசியிலிருந்து வழியும் தண்ணீர் மூலையில் வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியில் சொட்டிக்கொண்டிருக்க, ஈரக் கம்பளத்தின் பூஞ்சை வாடையும் மூடிய பேக்கரியின் காறல் எண்ணெய் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. அவள் நிராகரிப்புப் பட்டியலைத் திறந்தாள்.

பெயர்: மாரியாயி. வயது: 81. பதிபவர்: மகன் கண்ணுசாமி. ஊர்: ஜலகண்டாபுரம். தகனம்: செவ்வாய், காலை பத்து மணி. மறைவு தேதி: திங்கள்.

'மறைவு தேதி இன்றைக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது' என்று அவள் எழுதிய நிரல் திருப்பி அனுப்பியிருந்தது. சரிதானே, நாளைக்குச் சாகிறவருக்கு இன்றைக்கே எவன் பதிவான்? இன்று என்ன கிழமை என்றுகூடத் தெரியாத முட்டாள் என்று நினைத்தபடி கீழே இறங்கினாள். அதே திங்கள், கோடுகளுக்குப் பதில் புள்ளி வைத்து. அதே திங்கள், நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி. பிறகு போன வாரத்துத் தேதி ஒன்று. 'மூன்று நாளுக்கு மேல் ஆகியிருந்தால் சான்றிதழை இணைக்கவும்.' மறுபடி திங்கள். இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், சாயங்காலம் நாலு பன்னிரண்டுக்கு, ஞாயிறு.

இன்றைய தேதி. மறைவு நேரம் மாலை ஆறு.

'நேரம் தற்போதைய நேரத்தைத் தாண்டக் கூடாது.'

நாலு பதினைந்துக்குக் கடைசி முயற்சி. மறைவு நேரம் மாலை ஐந்து.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு முப்பத்தெட்டு. தப்பாக அடிக்கிறவன் இப்படி அடிக்க மாட்டான். பேரம் பேசுகிறவன்தான் இப்படி ஒவ்வொரு படியாக இறங்கி வருவான். அவனை இறங்கச் சொன்னது அவளுடைய நிரல். திங்கட்கிழமையை ஞாயிற்றுக்கிழமை ஆக்கியது அவள் எழுதிய ஒற்றை வரி. அந்த எண்ணுக்கு அழைத்தாள்.

"வணக்கமுங்க." அடக்கமான குரல். பின்னால் எங்கோ தறி ஓடும் சத்தம்.

"மயானத்து ஃபாரம் ஆபீஸ்லருந்து பேசறேங்க. மாரியாயிங்கறவங்க..."

"எங்கம்மாங்க. நல்லவேளை, நீங்களே கூப்பிட்டீங்க. காத்தால இருந்து போட்டுப் போட்டுப் பாக்கறேனுங்க, எடுக்கவே மாட்டேங்குது. புதன்கெழம நான் வேலைக்குத் திரும்பியாகோணும்."

"அவங்க எப்பங்க இறந்தாங்க?"

சொம்பால் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம். ஒன்று. இன்னொன்று. யாரோ நிதானமாக, வஞ்சனையில்லாமல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவே ஒரு கிழட்டுக் குரல் கேட்டது.

"போதுஞ் சாமி. தண்ணி ரொம்பச் சில்லுங்குது."

"இன்னுங் கொஞ்சந்தானுங்கம்மா," என்றான் கண்ணுசாமி. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான். "எத்தன மணின்னு போட்டா எடுத்துக்கும்னு நீங்களே சொல்லிருங்களேன்."

எண்ணெய் தேய்த்து, தலைக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியே வயதானவர்களை முடித்துவிடுவதைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருந்தாள். வாய்க்கு வந்தபடி திட்டினாள். இணைப்பு ஏற்கெனவே அறுந்திருந்தது.

காவல்துறைக்கு அழைத்தாள். முகவரி கேட்டார்கள். முகவரி இல்லை. படிவத்தில் அதைக் கட்டாயம் கேட்க வேண்டும் என்று முதலிலேயே அவள் சொல்லியிருந்தாள். துக்கத்துல இருக்கறவங்ககிட்ட எதுக்கும்மா இத்தனை கேள்வி என்று குருமூர்த்தி எடுக்கச் சொல்லியிருந்தார். வாயை மூடிக்கொண்டு எடுத்திருந்தாள். காவலர்கள் கைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு, ஜலகண்டாபுரத்துக்குத் தகவல் சொல்வதாகச் சொன்னார்கள். அவளுக்குக் குருமூர்த்தியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கண்ணுசாமியின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. எல்லோரையும்விட அதிகமாகத் தன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

நாலு ஐம்பத்திரண்டு.

அவன் படிவத்துக்காகத்தானே காத்திருக்கிறான். படிவம் எடுக்காவிட்டால்? அவள் நிரலைத் திறந்து விதிகள் அத்தனையையும் அழித்தாள். ஒரே விதி எழுதினாள். எந்தத் தேதியும் செல்லாது. இன்று செல்லாது, நேற்று செல்லாது, எந்த நேரமும் செல்லாது. வேறு யாராவது துக்கக்காரர்கள் வந்து திட்டினால் திட்டட்டும். சேமித்தாள்.

வாளியில் சொட்டு விழுந்தது. ஒவ்வொரு சொட்டும் அவள் முதுகில் விழுந்தது.

ஐந்து ஒன்று. வந்தது. ஞாயிறு, மாலை ஐந்து. செல்லாது.

ஐந்து மூன்று. செல்லாது.

ஐந்து நாலு. தட்டு. தட்டிக்கொண்டே இரு, நாயே. கை கைபேசியில் இருக்கும்வரை சொம்பில் இருக்காது.

ஐந்து ஒன்பது. செல்லாது.

அப்புறம் நின்றுவிட்டது.

காவல்துறைக்கு மறுபடி பேசினாள். வண்டி கிளம்பிவிட்டது, வீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். இன்னொரு முறை பேசினாள். தேடிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே மழை வரவும் இல்லை, மேகம் கலையவும் இல்லை. ஆறு மணிக்குக் கைபேசி ஒலித்தது. அதே எண்.

"நேரந்தான் தாண்டிருச்சே, இன்னும் ஏனுங்க எடுக்கல?"

பல்லைக் கடித்துக்கொண்டு குரலை மெதுவாக்கினாள். "சர்வர் பழுதுங்க. சரிபண்ண ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் எதுவும் பண்ணிராதீங்க."

"ஒரு வாரமுங்களா." உண்மையிலேயே வருத்தப்பட்டான். "அத்தன நாள் லீவு இல்லீங்களே. பரவால்லீங்க, நம்ம தோட்டத்துலயே பண்ணிக்கறோம். குழி வெட்ட ஆரம்பிச்சாச்சு. அதுக்கு ஃபாரமெல்லாம் வேண்டியதில்ல பாருங்க."

"வேண்டாங்க. கேளுங்க. இருங்க..."

அவன் கேட்கவில்லை. கைபேசியை அணைக்காமலே எங்கோ வைத்துவிட்டான். தறிச் சத்தம் இல்லை. காற்று. கடப்பாரை. ஓடைக்கல்லில் உரசும் மண்வெட்டி. கத்தினாள். கத்திக்கொண்டே இருந்தாள். யாரும் திரும்பவில்லை.

கைபேசிக்கு வெகு அருகில் ஒரு மூச்சு இழுத்தது. சொம்புச் சத்தத்துக்கு நடுவே கேட்ட அதே கிழட்டுக் குரல், குளிரில் பல் கிட்டித்து, மெல்லப் பேசியது.

"இத்தன ஆழமா வெட்டறீங்களே சாமி, என்ன மரம் வெக்கறீங்க?"

"தென்னம்பிள்ளைங்கம்மா."

"அப்ப இன்னுங் கொஞ்சம் அகலமா வெட்டோணும்," என்றாள் மாரியாயி.