காவலை யாரு வாங்கிக்கிறது?

ஸ்டேட்டன் தீவில், வயதான கடலோடிகள் கடைசிக் காலத்தைக் கழித்த விடுதி அது. இப்போது கீழே தோட்டம், மேலே ஓவியக்கூடம். பனிமூட்டமான ஒரு மாலை, ரோசான் அங்கே கண்காட்சிக்குப் படங்கள் மாட்டிக்கொண்டிருந்தாள். மகள் ஜினாவுக்கு அன்று பிறந்தநாள். வேலை முடிந்ததும் வெளியே போய்ச் சாப்பிடுவதாகப் பேச்சு.

சன்னலடியில் கிடந்த பழைய பெஞ்சின் விளிம்பெல்லாம் பல் தடங்கள்.

"விட்டோ, இதை யாரு கடிச்சு வச்சது?"

"நான் இல்லம்மா. எங்க வீட்ல சாப்பாடு போடுறாங்க. நீ சீக்கிரம் முடி, கீழ உன் பொண்ணு என் பிஸ்கட் டப்பாவைக் காலி பண்ணிட்டிருக்கா."

காவலாளி விட்டோ முன்பு கப்பலில் இருந்தவன். எங்கே கிளம்பினாலும், "காவலை யாரு வாங்கிக்கிறது?" என்று கேட்பான். யாராவது வாங்கிக்கொண்டால்தான் நகர்வான். கப்பலில் காவல் முறை மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்கிற வழக்கம். பெரும்பாலும் ஜினாதான் முந்திக்கொண்டு, "நான்!" என்பாள்.

இன்று கேட்காமலே இறங்கிப் போனான்.

கடைசிப் படத்துக்கு ரோசான் ஆணி அடிக்கும்போது, முதுகுக்குப் பின்னால் கரகரத்த குரல்.

"காவலை யாரு வாங்கிக்கிறது?"

"மறந்துட்டுத் திரும்பி வந்தியாக்கும்? சரி, நான் வாங்கிக்கிட்டேன். நீ போய்ப் படு" என்றாள், திரும்பாமலே.

நீண்ட பெருமூச்சு. கைத்தடிச் சத்தம் மெல்லப் படியிறங்கியது.

விட்டோவிடம் கைத்தடி கிடையாது.

தார் வாடையும் புகையிலை நாற்றமும் குப்பென்று அடித்தன. பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள். தாழ்வாரம் முடிந்த இடத்தில் படிக்கட்டு இல்லை. அதே சன்னல். அதே பெஞ்சு.

திரும்பி ஓடினாள்.

சன்னல்.

விட்டோ மேலே வந்தான். "ரோசான், எங்கம்மா போயிட்ட?" அவள் நின்ற இடத்தைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. 'இங்கதான் இருக்கேன்' என்று கத்த வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"காவலை யாரு வாங்கிக்கிறது?"

விட்டோவின் முகம் வெளுத்தது. பதில் சொல்லாமல் கீழே ஓடினான்.

சிறிது நேரத்தில் சின்னக் காலடிகள்.

"அம்மா? ஒளிஞ்சுக்கிட்டியா?"

ஜினா.

தொண்டைக்குள் அந்தக் கேள்வி தானாக ஏறி வந்தது. கேட்டுவிட்டால் ஜினா, "நான்!" என்பாள். ரோசான் மண்டியிட்டு, பெஞ்சின் விளிம்பைக் கடித்தாள். பழைய தடத்தில் பல் கச்சிதமாகப் பொருந்தியது.

ஜினா பெஞ்சில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள்.

"நீ வர்ற வரைக்கும் நான் இங்கயே இருப்பேன்மா."

அவள் தொடைக்குப் பக்கத்தில், விளிம்பிலிருந்து மரத்தூள் உதிர்ந்துகொண்டே இருந்தது.