இந்தப் பக்கம் முடிகிற வரைக்கும்

இசைத்தட்டில் முதல் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் வரும் நாலைந்து நொடியில்தான் அது இருந்தது. மெல்லிய ஒரு ‘ம்ம்ம்’. பக்கத்து அறையில் யாரோ வாயை மூடிக்கொண்டு யோசிப்பது போல. கிட்டார் ஒலிக்க ஆரம்பித்ததும் அடியில் போய் ஒளிந்துகொண்டது. உலோமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கணவன் ஓசிதாதான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“கேட்டியா?”

“என்னத்த?”

“அந்த இரைச்சல். இரு, அடுத்த பாட்டு முடியும்போது மறுபடி வரும்.”

வந்தது. அத்தோடு அந்த வீட்டின் நிம்மதி போயிற்று.

எனுகு நகரத்து மலைச்சரிவில் தெருக்கோடியில் இருந்தது அந்த வீடு. அவர்கள் இருவரைத் தவிர, பின்னறையில் ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருந்த மாமனார், வாசற்படியில் ஒரு கிழட்டு நாய். மாமனார் முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர்; அங்கே உள்ளே போன கரித்தூள் இன்னும் அவர் நெஞ்சை விட்டு வெளியே வரவில்லை. உலோமாவுக்கு நிறைமாதம். அந்த மாதக் கடைசிப் புதன்கிழமை அவளுடைய அம்மா, காய்ந்த மீனும் மிளகும் பெருவள்ளிக் கிழங்கும் மூட்டை கட்டிக்கொண்டு வருவதாக இருந்தது. வந்தால் பிள்ளை பிறந்து மூன்று மாதம் வரைக்கும் நகரமாட்டாள், அதுதான் வழக்கம். உலோமா அந்தப் புதன்கிழமைக்காக விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஓசிதா ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான். அவளைக் கல்யாணம் செய்துகொண்டதும் அப்படித்தான். பாட்டு வந்தது, நாட்டை விட்டுப் போன ஒரு டாக்டரிடமிருந்து வாங்கிய பழைய வால்வு ஆம்பிளிபயரில். அதன் மேல் அவனைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு வாரம் முழுக்க வயர்களைக் கழற்றி ஸ்பிரிட்டால் துடைத்தான், வால்வுகளை இடம் மாற்றினான், பிளக்கைத் திருப்பிச் செருகினான். இரைச்சல் அசையவில்லை. கடைசியில் மெக்கானிக் காலிஸ்டஸ் வந்தான். ஈயப்பற்று நாறும் கையும் பெரிய தொந்தியுமாக, வாய் ஓயாத ஆள்.

“சார், குத்தம் பெட்டியில இல்ல, உங்க மண்ணுல. இந்த ஹர்மட்டான் புழுதிக் காத்துல பூமி காஞ்சு கருவாடாக் கிடக்கு. எர்த்து எங்க போய் இறங்கும்?”

சன்னலுக்கு வெளியே குழி வெட்டினான். உப்பும் கரியும் கொட்டி, ஆளுயரச் செம்புக் கம்பி ஒன்றைச் சம்மட்டியால் இறக்கினான். இரண்டு கம்பி கொண்டுவந்திருந்தான். மிஞ்சியதைக் கூடத்து மூலையில் சாத்தி வைத்தான்.

“தினம் ஒரு வாளி உப்புத்தண்ணி ஊத்துங்க சார், வேளை தவறக் கூடாது. இரைச்சல் மண்ணுக்குப் போயிடணும். வேற வழியே கிடையாது அதுக்கு.”

“அப்பவும் போகலேன்னா?” என்று உலோமா கேட்டாள்.

“அப்ப திருடன் வீட்டுக்குள்ள இருக்கான் தங்கச்சி. இருக்கிற ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க. எது நின்னா சத்தம் குறையுதோ, அதான் ஆளு.” அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்தான். “இன்னும் பத்து நாள்ல உங்க வீட்டுல வேற சத்தம் கேக்கப்போவுது. அப்புறம் இதெல்லாம் சார் காதுல எங்க ஏறும்!”

ஓசிதா சிரிக்கவில்லை.

உப்புத்தண்ணீர் ஊற்றும் வேலை உலோமாவின் தலையில் விழுந்தது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாளியைத் தூக்கிப் போவாள். வறண்ட மண் உறிஞ்சும் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவன் ஃபிரிட்ஜை நிறுத்தினான். இரைச்சல் ஒரு படி இறங்கியது. உண்மையாகவே இறங்கியது, அவளும் கேட்டாள். மீன் குழம்பு கெட்டுப்போய் இரண்டு நாள் நாறியது. அடுத்து மின்விசிறி, சுவர்க்கடிகாரம், பிறகு அவளுடைய போன். போன்களை அணைத்துத் தகரப்பெட்டியில் போட்டு, பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் இரைச்சல் ஒரு படி இறங்கியது.

“நாய் படியில படுத்தா கூடுது, கவனிச்சியா?” என்றான் வியாழக்கிழமை.

“நாய்க்கும் ஆம்பிளிபயருக்கும் என்னங்க சம்பந்தம்?”

“அது நெஞ்சுல கை வச்சுப் பாரு. உள்ள என்னமோ அடிச்சுக்கிட்டுதானே இருக்கு?”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் படியில் நாய் இல்லை. அதன் தகரத் தட்டு கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. நாய் எங்கே என்று அவள் கேட்பதற்குள் அவன் ஊசியை இசைத்தட்டில் இறக்கினான். இரைச்சல் பாதியாகியிருந்தது. பாடகியின் குரலில் அதுவரை கேட்காத ஈரம் கேட்டது, உதடு பிரியும் சத்தம்கூடக் கேட்டது. நன்றாக இருக்கிறதே என்று உலோமா நினைத்தாள். நினைத்ததற்காக அன்று இரவெல்லாம் தன்னைக் காறித் துப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவன் வெளிக்கதவைப் பூட்டி, அந்தச் சாவியையும் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டான். தெருவே யாருடைய கல்யாணத்துக்கோ சொந்த ஊருக்குப் போயிருந்தது. கரண்ட் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. வீடு இன்வெர்ட்டரில் ஓடியது. சன்னல் திரைகளை இழுத்து விட்டிருந்தான், ஆனாலும் அந்தப் பழுப்பு வெயில் ஓரங்களில் கசிந்தது. சிவப்புத் தூசி அந்த வெளிச்சத்தில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. வால்வுகள் சூடாகும் வாசனை, உப்புத்தண்ணீர் வாளியின் வாசனை, பின்னறையிலிருந்து தைல வாசனை. அங்கே மெஷின் ‘புஸ்... டக்... புஸ்... டக்’ என்று மாமனாருக்காக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளாகக் காதில் விழாமலே இருந்த அந்தச் சத்தம் இன்று அவளுக்குத் தனியாகக் கேட்டது. ஓசிதாவும் அதைத்தான் கேட்கிறான் என்று அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

“வேணாங்க.”

“கொஞ்ச நேரம்தான். இந்தப் பக்கம் முடிகிற வரைக்கும்.”

“அவர் உங்க அப்பா!”

“அப்பாவுக்கும் பாட்டு பிடிக்கும்.”

உள்ளே போனான். புஸ். டக். புஸ்.

டக் வரவில்லை.

அவன் திரும்பி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். பிடி வலிக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஊசி இறங்கியது. கிட்டார் தொடங்கியது. இரண்டாவது பாட்டின் நடுவில் பின்னறைக் கட்டில் ஒரு முறை கிரீச்சிட்டது. கை ஒன்று சுவரைத் தட்டியது. மரியாதைக்காரர் அவர், எதைக் கேட்டாலும் மெதுவாகத்தான் கேட்பார்.

“மாமா...”

“ஷ்ஷ்.”

அவள் எழப் பார்த்தாள். வயிற்றின் கனம் விடவில்லை, அவன் கையும் விடவில்லை. நெஞ்சுக்குள் கத்தினாள். பின்னறைக் கதவு வரைக்கும் பன்னிரண்டு அடி. மறுபடி சுவரில் தட்டல். இன்னும் மெதுவாக. மூன்றாவது பாட்டில் தட்டல் இல்லை.

அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டும் முடிந்தது.

இரைச்சல் சரிந்து கீழே போய்விட்டது. கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஓசிதாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. மாமனார் போய்விட்டார் என்பது அவளுக்கு அந்த அமைதியிலிருந்துதான் தெரிந்தது.

கிட்டத்தட்ட.

அவன் தலையைச் சாய்த்தான். ஸ்பீக்கரின் அருகே போனான், திரும்பினான். “இன்னும் இருக்கு” என்றான். குரலில் கோபமில்லை. வெறும் களைப்பு.

“என்னை விட்டுடுங்க. வர்ற புதன்கிழமை அம்மா வந்துடுவாங்க. அவங்ககூட நான் ஊருக்குப் போயிடுறேன். நாங்க ரெண்டு பேரும் போயிடுறோம்.”

“ரெண்டு பேரும்” என்று அவன் திருப்பிச் சொன்னான்.

அவளையே பார்த்தான். ஊசியைத் தூக்காமல் ஒலியை மட்டும் கூட்டினான். பாட்டில்லாத கடைசிக் கோட்டில் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ம்ம்ம். அவள் பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினாள். ஸ்பீக்கரும் வாங்கியது. அவள் வாயைப் பொத்தினாள். வயிற்றில் பிள்ளை புரண்டது.

ஸ்பீக்கரில் ஏதோ புரண்டது.

ஓசிதா எழுந்தான். மூலையில் சாத்தியிருந்த செம்புக் கம்பியை எடுத்தான். வாளியில் முக்கினான். நிதானமாக. வேளை தவறாமல் செய்கிற வேலை போல. அவள் முன்னால் மண்டியிட்டுக் காதை வயிற்றில் வைத்தான். கல்யாணமான புதிதில் அவள் மடியில் தலை வைத்துக்கொண்டது மாதிரியே. கம்பியின் ஈர முனை அவள் தொப்புளில் பட்டது. சில்லென்று ஒரு சொட்டு இறங்கியது.

“கொஞ்ச நேரம்தான்” என்றான்.

வெளிக்கதவு பூட்டியிருக்கிறது. சாவி அவன் கழுத்தில். போன் தகரப்பெட்டியில். இன்று ஞாயிற்றுக்கிழமை.

உலோமா மூச்சை அடக்கினாள்.

இரைச்சலில் பாதி நின்றது. ஓசிதா முகம் மலர்ந்து அண்ணாந்து பார்த்தான்.

மீதிப் பாதி உள்ளேயிருந்து உதைத்தது.